பீலித் தண்ணியும் கிணற்றுக் கயிறும்: ஆளில்லா நிலத்துக்குப் போன மலை மக்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் தேயிலை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். போன வருடம் குடித்தொகைப் பரம்பல் பாடம். உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, புள்ளிகள் அடர்ந்த இடங்களையும் புள்ளியே இல்லாத இடங்களையும் காட்டிக்கொண்டிருந்தேன். சகாரா, அரேபியா, அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதி எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், இவ்வளவு எடம் சும்மா கெடக்கு. நாங்க ஏன் ஒரு காம்பராவுல எட்டுப் பேர் படுக்கிறோம்?"

மழை குறைவு, ஆவியாதல் அதிகம் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டது அதுவல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். அவள் வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா, தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று. ஆள் நெருங்கிய இடத்திலிருந்து ஆளில்லாத இடத்துக்குப் போனால் எங்கள் சங்கடம் தீருமா என்பதுதான் அவள் கேள்வி.

அதற்கான பதில் என் சொந்தத்திலேயே இருந்தது. என் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, 1978இல் அப்படித்தான் போனார். அவர் போனது பாலைவனத்துக்கு அல்ல, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக் காட்டுக்கு. ஏறக்குறைய அதே காலத்தில் இந்தியாவில் இன்னொரு மலை மக்கள் உண்மையான பாலைவனத்துக்கே அனுப்பப்பட்டார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்தப் பிள்ளைக்கு நான் தாமதமாகச் சொன்ன பதில்தான் இந்த ஆய்வு.

வெள்ளையாகக் கிடக்கும் இடங்கள்

1950இல் உலகத்தில் ஏறக்குறைய 250 கோடிப் பேர் இருந்தார்கள். 2022 நவம்பர் 15ஆம் திகதி 800 கோடியைத் தொட்டுவிட்டோம் என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. உலக நிலப்பரப்பில் பத்தில் நான்கு பங்கு வறண்ட நிலம். சனம் பெருகும்போது ஆட்சியாளர்களின் கண் படத்தின் வெள்ளைப் பகுதிக்குப் போவது இயல்புதான்.

எகிப்தைப் பாருங்கள். பத்து இலட்சம் சதுர கிலோமீற்றர் நாடு. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் நைல் ஆற்றங்கரையிலும் அதன் கழிமுகத்திலும், நாட்டின் நூற்றில் ஐந்து பங்கு நிலத்தில்தான் இருக்கிறார்கள். 1960இல் மூன்று கோடிக்கும் குறைவாக இருந்த சனத்தொகை 2020 பெப்ரவரியில் பத்துக் கோடியானது. அங்கே யாரும் இடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இடம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கிறது.

இலங்கையில் பாலைவனம் இல்லை. வடமராட்சியின் மணற்காட்டில் மணல் மேடுகள் உண்டு, அவ்வளவுதான். ஆனாலும் அதே மாதிரியான படம் இங்கேயும் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தின் 1,741 சதுர கிலோமீற்றரில் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர். முல்லைத்தீவு அதைவிடப் பெரியது, 2,617 சதுர கிலோமீற்றர். அங்கே ஏறத்தாழ 92 ஆயிரம் பேர்தான். இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினால் எந்தப் பிள்ளையும் "அப்ப அங்க போகலாமே" என்றுதான் சொல்லும்.

1946இல் இந்த நாட்டின் சனத்தொகை 66 இலட்சம் சொச்சம். டீடீரீ (DDT) கொசுமருந்து மலேரியாவை அடக்கியதும் ஒரே வருடத்தில் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 20இலிருந்து 14க்கு இறங்கியது. 1971இல் சனத்தொகை ஒரு கோடியே 27 இலட்சம். இவ்வளவு பேருக்கும் காணி கொடுக்க உலர்வலயத்தைத்தான் அரசு திறந்துவிட்டது. 1930களில் மின்னேரியா, 1949இலிருந்து கல்லோயா, அப்புறம் மகாவலி. முப்பது வருடத்தில் செய்யத் திட்டமிட்ட மகாவலி வேலையை 1977க்குப் பிறகு துரிதப்படுத்தி, விக்டோரியா, கொத்மலை அணைகளை 1985இல் முடித்தார்கள்.

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட எங்கள் சனத்துக்கு அந்தக் காணியில் பங்கில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் "இலங்கையர்" என்பதற்குக் கொடுத்த வரையறைக்குள் தோட்டத் தொழிலாளர் வரவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கி அதை இன்னும் இறுக்கியது. நாட்டின் சனத்தொகை கூடுகிறது என்று எண்ணும்போது எங்களையும் சேர்த்து எண்ணினார்கள். காணி பங்கிடும்போது விட்டுவிட்டார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகாவலியின் தலைத்தண்ணீர் எங்கள் மலைகளிலிருந்துதான் இறங்குகிறது. ஹட்டன் ஓயா, கொத்மலை ஓயா, ஆக்ர ஓயா எல்லாம் தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடி வருபவை. 1976இல் பொல்கொல்லையில் திருப்பிவிடப்பட்ட அந்தத் தண்ணீர் அனுராதபுரம் பக்கத்து வயல்களுக்குப் போனது. தண்ணீர் போன இடத்துக்கு அந்த மலைச் சனம் போகவில்லை. போனவர்களும் தண்ணீர் போகாத இடத்துக்குத்தான் போனார்கள்.

மாமா போன கதை

மாமா இருந்தது மாத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டம். 1973, 74 பஞ்சத்தில் அவர் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தார். அந்த வருடங்களில் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கும் கீரையுமே சாப்பாடு. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். பாத்திரம் பண்டம் எதுவும் மிஞ்சவில்லை. அப்போது வன்னிக்குப் போனால் காணி உண்டு என்ற பேச்சு தோட்டமெங்கும் இருந்தது. காந்தீயம் போன்ற அமைப்புகள் குடியேறுகிறவர்களுக்கு மண்வெட்டி, விதை, பள்ளிக்கூடம் என்று உதவிக்கொண்டிருந்தன. மாமா, மாமி, மூன்று பிள்ளைகள். வவுனியாவில் இறங்கி சில மாதம் இருந்துவிட்டு கிளிநொச்சிப் பக்கம் போனார்கள்.

எங்கள் மலையில் தண்ணீர் என்றால் பீலி. மேலே ஊற்று, அதிலிருந்து ஒரு குழாயோ மூங்கிலோ, அதன் வாயில் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றர் மழை பெய்யும். தண்ணீரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணமே எங்கள் ஆட்களுக்கு வராது. வன்னியில் மழை ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்தாலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்குக் குளம் வேண்டும், அல்லது கிணறு வேண்டும்.

மாமாவுக்குக் கிடைத்தது ஒரு ஏக்கர் மேட்டுக்காணி. இரணைமடுக் குளத்து வாய்க்கால் எட்டாத இடம். வாய்க்கால் பாயும் வயல் காணிகளுக்கு ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் 1930களிலிருந்து காடு வெட்டி வந்தவர்கள். பின்னால் வந்தவருக்குத் தண்ணீர் ஏறாத மேடுதான் மிஞ்சும்.

முதல் வருடம் கிணறு வெட்டினார். இருபது அடியில் தண்ணீர் வந்தது. ஆனி, ஆடியில் வற்றியது. அடுத்த வருடம் இன்னும் ஐந்தடி. கல் தட்டியது. மாமி சொல்வார், கிணற்றின் ஆழத்தை மாமா அடிக்கணக்கில் சொன்னதே இல்லையாம், கயிற்றுக் கணக்கில்தான் சொல்வாராம். "இந்த வருசம் ரெண்டு மொழம் கூட வாங்கணும்." சந்தையில் கயிறு வாங்கும் முழம்தான் அவருடைய மழைமானி.

தேயிலைத் தொழிலாளிக்கு உழைப்புப் புதிதல்ல. புதிதாக இருந்தது பயிரின் கணக்கு. தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள்கணக்கு), கொழுந்து நிறுவை, சம்பள நாள் என்று மற்றவர் போட்ட காலக்கணக்கில்தான் நூற்றைம்பது வருடம் எங்கள் சனம் ஓடியது. எப்போது விதைப்பது, எவ்வளவு விதையை மிச்சம் பிடிப்பது, மழை பிந்தினால் என்ன செய்வது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வரும் அறிவு. மாமா முதல் போகம் கச்சான் போட்டார், பன்றி கிண்டியது. இரண்டாம் போகம் உழுந்து, மழை முந்தியது. மூன்றாம் வருடத்தில்தான் பக்கத்து வளவுப் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, மழையப் பாத்து விதைக்காத, மண்ணப் பாத்து விதை" என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்த மனிதரை மாமா சாகும்வரை மறக்க மாட்டேன் என்பார்.

எல்லோரும் அப்படி இல்லை. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்தார்கள். ஒரே மொழி பேசுகிறவர்களிடமிருந்து அந்தச் சொல் வந்ததுதான் மாமிக்குக் கடைசிவரை ஆறாத காயம். இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். மாமா வெட்டிய காடு பழைய வன்னிக் கிராமத்தார் மாடு மேய்த்த காடு. தேன் எடுத்தது, விறகு வெட்டியது எல்லாம் அதில்தான். படத்தில் அது வெள்ளை. அந்த ஊராருக்கு அது வாழ்வு. யாரும் அவர்களிடம் கேட்டுவிட்டு மாமாவை அங்கே இருத்தவில்லை.

மலேரியா வந்தது. குளிர் மலையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அந்தக் காய்ச்சலோடு பழக்கமே இல்லை. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2016இல். மாமா போனதோ 1978இல்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட மாமாவை அலைக்கழித்தது காகிதம். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மாமா விண்ணப்பம் போட்டும் இரண்டு பக்கமும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தார். குடியுரிமை இல்லாதவருக்குக் காணி அனுமதிப்பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடையாது, மானிய விதை கிடையாது, கிணற்றுக்குக் கட்டுக்கல் வைக்க உதவி கிடையாது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நாடற்றவராக விடப்பட்டவர்களுக்குக் குடியுரிமை வந்தது. பத்து வருடம் சொந்த வியர்வை ஊற்றிய மண்ணில் மாமா சட்டப்படி அத்துமீறியவர். அதற்குப் பிறகும் பத்திரம் கைக்கு வரவில்லை. ஒரு கந்தோரில் கோப்பு காணாமல் போனது. மறுபடி எழுதினார். யுத்தம் வந்தது.

2008, 2009 இடப்பெயர்வைப் பற்றி அவர் பேச மாட்டார், நானும் கேட்டதில்லை. 2010இல் திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, வீடு இல்லை. அந்தக் கிணற்றை வைத்துத்தான் இது என் காணி என்று காட்டினார்.

காங்ராவிலிருந்து ராஜஸ்தானுக்கு

இமயமலை அடிவாரத்தில் காங்ரா என்றொரு பள்ளத்தாக்கு, இன்று இமாச்சலப் பிரதேச மாநிலத்தில் இருக்கிறது. பியாஸ் ஆறு ஓடும் செழிப்பான மலைநாடு. அங்கே பொங் அணையைக் கட்டி 1974இல் முடித்தார்கள். அணைக்குள் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் நிலம் போனது. அவர்களில் 16,352 குடும்பங்கள் மாற்றுக் காணிக்குத் தகுதியானவை என்று கணக்கிட்டார்கள். காணி எங்கே? ராஜஸ்தானில், தார்ப் பாலைவனத்தில். குடும்பத்துக்கு 25 பிகா, அதாவது பதினைந்தரை ஏக்கருக்குச் சற்று மேல். எங்கள் லயத்துக் கண்ணுக்கு அது இராச்சியம்.

அந்தப் பாலைவனத்தை வாழ வைப்பதற்கென்றே ஒரு பெரிய கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சத்லஜும் பியாசும் கூடும் ஹரிகேயில் தொடங்கி ஜெய்சல்மேர் பக்கம் வரை 649 கிலோமீற்றர். 1958 மார்ச்சில் வேலை தொடங்கியது. ராஜஸ்தான் கால்வாய் என்று பெயர் வைத்து, பிறகு இந்திரா காந்தி கால்வாய் என்று மாற்றினார்கள். முதன்மைக் கால்வாயின் கடைசிக் கோடிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது 1987இல். ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீற்றரையும் எட்டாது. வட்டவளையில் ஒரு நல்ல மழை மாதத்திலேயே அதைவிடக் கூட விழுந்துவிடும்.

அந்தக் கால்வாய் தோற்றது என்று நான் சொல்லவில்லை. கங்காநகர், அனுமான்கர் பக்கமெல்லாம் கோதுமையும் பருத்தியும் விளைகின்றன, ஊர்கள் எழும்பின. ஆனால் அங்கே நன்றாக வேர்விட்டவர்களில் பலர் பஞ்சாப் பக்கத்துக் குடியானவர்கள். பீக்கானேர் மன்னர் கங்கா சிங் 1927இலேயே அங்கே ஒரு கால்வாயைக் கொண்டுவந்தார். கால்வாய்ப் பாசனம் அவர்களுக்குக் கைவந்த தொழில். காங்ரா மலை விவசாயிக்கு அது தெரியாது. மழையும் ஊற்றும் நம்பிப் படிக்கட்டு வயல் செய்தவர் அவர். அவருக்குக் கொடுத்த பல காணிகளுக்கு அந்த நேரத்தில் கிளைக் கால்வாய் வந்திருக்கவில்லை. சில இடங்களில் வேறு ஆட்கள் ஏற்கனவே பயிர் செய்துகொண்டிருந்தார்கள். அங்கேயே குடியிருந்து பயிரிட வேண்டும் என்பது நிபந்தனை. ஊர் திரும்பியவர்களின் ஒதுக்கீடுகள் ஆயிரக்கணக்கில் ரத்தாகின. வந்த விலைக்கு விற்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. அணை கட்டி ஐம்பது வருடமான பிறகும் காணி கிடைக்காத குடும்பங்கள் இருக்கின்றன.

எனக்கு நெஞ்சு கனத்த இடம் ஒன்று உண்டு. அவர்களுடைய பள்ளத்தாக்கை மூழ்கடித்துத் தேக்கிய அதே பியாஸ் தண்ணீர்தான் அந்தக் கால்வாய் வழியே பாலைவனத்துக்குப் போகிறது. மகாவலியை நினைத்துக்கொண்டேன்.

கால்வாய்க்கு முன்னால் அந்த மண் ஆளற்றும் கிடக்கவில்லை. உலகத்திலேயே சனம் நெருங்கிய பாலைவனங்களில் தார் முன்னணியில் உள்ளது. ஒட்டகமும் ஆடும் மேய்த்தவர்கள் இருந்தார்கள். மழை பெய்த இடத்தைத் தேடி மந்தை நகரும், அதுவே அவர்களுடைய காணி முறை. கால்வாய் வந்து கட்டம் கட்டமாகப் பிரித்ததும் மேய்ச்சல் தரை சுருங்கிப் போனது. சில பகுதிகளில் மண்ணுக்கடியில் தண்ணீர் இறங்காத கடினப்படை. பாய்ந்த தண்ணீர் மேலே தேங்கி, உப்பு பூத்து, நல்ல நிலம் சதுப்பாகிப் போனது. கொசு பெருகி மலேரியாவும் வந்தது. தண்ணீர் இல்லாமல் கெட்டதைப் போல, தண்ணீர் வந்த விதத்திலும் நிலம் கெட்டது.

சித்தியின் றியாத்

மலையகத்தில் பாலைவனத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. வீட்டுப் பணிப்பெண்களாகப் போன அம்மாக்களும் அக்காக்களும்தான். என் சித்தி றியாத்தில் ஆறு வருடம் இருந்தார். "பாலைவனம்ங்கிறாங்க, பைப்பத் தொறந்தா கொட்டுது. இங்க பீலிக்கரையில வரிசையில நிக்கணும்" என்பார். உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சித்திக்கு நான்தான் சொன்னேன். ஜுபைல் கடற்கரையில் கடல்நீரின் உப்பை நீக்கி, நானூறு கிலோமீற்றருக்கு மேல் குழாயில் தள்ளி, ஏறக்குறைய 600 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். எண்ணெய் விற்ற பணம் இருந்தால்தான் அது முடியும்.

அந்தப் பணம் இருந்தும் விவசாயத்தில் சவூதி கையைச் சுட்டுக்கொண்டது. 1970களின் கடைசியிலிருந்து பாலைவனத்தில் மானியம் கொடுத்துக் கோதுமை விளைவித்தார்கள். 1992இல் ஏறத்தாழ 40 இலட்சம் தொன். ஏற்றுமதிகூடச் செய்தார்கள். எடுத்ததெல்லாம் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் நிலத்துக்கடியில் சேர்ந்த தண்ணீர், மறுபடி ஊறாது. 2008இல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்து 2016இல் நிறுத்தினார்கள். 2022 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் 3 கோடியே 22 இலட்சம் பேர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு என் சித்தி மாதிரி வெளியிலிருந்து போனவர்கள், விசா முடிந்தால் கிளம்ப வேண்டியவர்கள். அதைக் குடியேற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எகிப்தின் தோஷ்கா திட்டமும் இப்படித்தான் யோசிக்க வைக்கிறது. 1997இல் தொடங்கியது. நாசர் ஏரியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, 5 இலட்சத்து 40 ஆயிரம் பெத்தான் நிலத்தை விளைநிலமாக்கி, இலட்சக்கணக்கானவர்களை நைல் கரையிலிருந்து நகர்த்துவது நோக்கம். ஒரு பெத்தான் நம்முடைய ஏக்கரைவிடக் கொஞ்சம் பெரிது. 2005இல் பெரிய நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. நெடுங்காலம் திட்டமிட்டதில் சிறு பங்கு நிலம்தான் விளைந்தது. அண்மை ஆண்டுகளில் மறுபடி கையிலெடுத்து, இப்போது கோதுமையும் பேரீச்சையும் விளைகின்றன. ஆனால் சுழன்று தெளிக்கும் இயந்திரத்துக்கு ஆட்கள் அதிகம் வேண்டாம். பயிர் போன அளவுக்குச் சனம் போகவில்லை. 1959 ஒப்பந்தப்படி எகிப்துக்கு நைலில் ஆண்டுக்கு 5,550 கோடி கன மீற்றர். பத்துக் கோடியைத் தாண்டிய சனத்துக்கும் அதே அளவுதான்.

லயத்துக்குத் திரும்பி வருவோம்

அந்தப் பிள்ளையின் கேள்வியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது: சனம் பெருகியதால்தான் காம்பராவில் நெருக்கம். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். குடிசன மதிப்பீட்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1971இல் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் 11 இலட்சத்து 74 ஆயிரம். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். 2012இல் 8 இலட்சத்து 39 ஆயிரம். ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள், வன்னிக்குப் போனவர்கள், இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் எல்லாம் சேர்ந்து தொகை இறங்கியது. நீலகிரித் தேயிலைக்கும், கர்நாடகத்து இறப்பர் காட்டுக்கும், நிக்கோபாரில் கச்சால் தீவுக்கும்கூட எங்கள் சனத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். இலட்சக்கணக்கில் ஆள் குறைந்தும் லயம் விசாலமாகவில்லை. ஆள் போன பிறகும் காம்பரா அதே பத்துக்குப் பன்னிரண்டுதான், காணி அதே தோட்டத்துடையதுதான்.

1977 மே மாதம் இதே மாவட்டத்தில், டெவன் தோட்டத்தில், சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். நுவரெலியாவில் 7000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்து வெளியாருக்குப் பங்கிடும் முயற்சிக்கு எதிராக நின்ற தொழிலாளி அவர். பங்கிட இங்கே காணி இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். தனி வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் கொடுத்து வந்தார்கள், 10 கொடுக்க வேண்டும் என்று பேச்சு இருந்தது. பத்தாகவே வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சம் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் பேர்ச்சஸ். ஏக்கருக்கு 160. ஆக 6,250 ஏக்கர். இரண்டாயிரத்து ஐந்நூறு ஹெக்டேயர் சொச்சம். இலங்கையில் தேயிலை ஏறக்குறைய இரண்டு இலட்சம் ஹெக்டேயரில் இருக்கிறது. நூற்றில் ஒன்றேகால். வகுப்பு அமைதியாகிவிட்டது. நானும் மூன்று முறை சரிபார்த்தேன். சகாராவும் வேண்டாம், வன்னியும் வேண்டாம். பராமரிப்பில்லாமல் காடாகிப்போன தேயிலை மலைகளே இதைவிடக் கூட வரும் என்பது என் கணிப்பு.

சரிவான மண் என்று சொல்வார்கள். நியாயம்தான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை யாரும் மறக்க முடியாது. மலையில் எல்லா இடமும் வீட்டுக்கு ஆகாது. ஆனால் லயங்களே ஆபத்தான சரிவில் நிற்கும்போது பாதுகாப்பான மேட்டைத் தேயிலைக்கு வைத்துக்கொண்டு ஆட்களை வேறு மாவட்டத்துக்குப் போகச் சொல்வது எனக்கு ஏற்பில்லை.

போக விரும்புகிறவர் போகட்டும். மாமாவின் பிள்ளைகளில் இருவர் இன்றும் அங்கேதான், அந்த மண் இப்போது அவர்களுடைய ஊர். ஆனால் ஒரு குடும்பத்தை நகர்த்துமுன் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், காணி உறுதி கையில் இருக்க வேண்டும். அந்த மண்ணில் ஏற்கனவே மாடு மேய்ப்பவரிடமும் தேன் எடுப்பவரிடமும் முதலில் பேசியிருக்க வேண்டும். காங்ராவில் ஆளை முதலில் அனுப்பினார்கள், தண்ணீர் பிறகு வந்தது, காகிதம் கடைசியில் ரத்தானது. மாமாவுக்குத் தண்ணீர் வரவேயில்லை, காகிதம் பாதி வழியில் நின்றது. இரண்டு இடத்திலும் மனிதர்கள் சோம்பலால் தோற்கவில்லை. வரிசை மாறியதால் தோற்றார்கள். முதல் மூன்று போகத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க அந்த வளவுப் பெரியவர் மாதிரி ஒருவர் சம்பளத்தோடு இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிலைத்திருக்கும்.

மாமா இன்னும் கிளிநொச்சியில்தான். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுப்பார். சுகம் விசாரிக்குமுன் கேட்பது, "தங்கச்சி, பீலியில தண்ணி வருதா?" அம்மா வருது என்பார். "இங்க கயிறு எட்டுது" என்பார் மாமா. எட்டாத மாதங்களில் அதைச் சொல்ல மாட்டார்.

கணக்குப் போட்ட மறுநாள் காலை அந்தப் பிள்ளை ஒரு கொப்பித் தாளோடு வந்தாள். தாத்தாவிடம் கேட்டு, தங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதை நிறுத்திக் காடாக விட்டிருக்கும் மலைகளின் நம்பர்களை எழுதியிருந்தாள். மூன்றாம் நம்பர், ஏழாம் நம்பர், பதினோராம் நம்பரில் பீலிக்கு மேல் பக்கம். ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் "சரிவு கொறவு" என்று குறித்திருந்தாள். அதை அளந்து பார்க்க யாரிடம் கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள்.